படிக்காத பருவத்துக்கு மூன்று வட்டியில் கட்டணமா?

கேள்வி: கடலூர் ஓ.டி.யில் (பழைய டவுன்) இருக்கிறோம். கணவருக்கு ஹார்டுவேர் கடையில் 18,000 ரூபாய் சம்பளம். நான் தையலில் 6,000 வரை பார்ப்பேன். மகள் 2023-ல் சென்னைக்கு அருகே, அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் ஒரு கல்லூரியில் பி.இ. சேர்ந்தாள். விடுதியில் தங்கிப் படிக்கிறாள். கல்விக் கடன் 4 லட்சத்தில் இரண்டு வருடத்துக்கு 2 லட்சம் வாங்கியிருக்கிறோம். மத்திய அரசின் வட்டி மானியம் உண்டு. ஆகஸ்டில் அவளுக்குக் காசநோய் என்று தெரிந்து வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். ஒரு வருடம் ஓய்வெடுக்கட்டும் என்று நினைக்கிறோம். "விஷயம் வெளியே போனால் நாளைக்குக் கல்யாணம் பேச முடியாது. காலேஜுக்கும் பேங்குக்கும் சொல்லாதே, ஃபீஸைக் கட்டிவிட்டால் சீட் போகாது" என்று என் அண்ணன் தனக்குத் தெரிந்தவரிடம் மூன்று வட்டிக்கு ஒன்றரை லட்சம் வாங்கிக் கொடுத்தார். கல்லூரிக்கு 50,000, விடுதிக்கு 40,000, தனியார் மருத்துவமனைக்கு 60,000 என்று எல்லாம் போய்விட்டது. இப்போது விடுதியில் அடுத்த தவணை கேட்கிறார்கள். என் ஏழு சவரனை அடகு வைத்து அதைக் கட்டிவிட்டு, மீதியை மியூச்சுவல் ஃபண்டில் போட்டு எஸ்.டபிள்யூ.பி. (போட்ட பணத்திலிருந்து மாதம் ஒரு தொகையை எடுக்கும் முறை) எடுத்தால் மாதா மாதம் வட்டிக்குப் பணம் வரும் என்கிறார் அண்ணன். செய்யலாமா?

பதில்: வேண்டாம், சகோதரி. விடுதிக்கு இனி ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

மருந்தை இடையில் நிறுத்தாமல் சாப்பிட்டால் குணமாகிற நோய் இது. அதை மறைப்பதற்கு என்ன விலை கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். ஒன்றரை லட்சத்துக்கு மூன்று வட்டி என்றால் மாதம் 4,500, வருடத்துக்கு 54,000. உங்கள் இருவர் சம்பாத்தியத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. இவ்வளவு கட்டியும் அசலில் ஒரு காசு குறையாது. மூன்றாம் ஆண்டுக்கு வாங்க வேண்டிய கடன் பணம் பேங்கிலேயே கிடக்கிறது. அதைக் கேட்கப் போனால், மகள் அங்கே படிக்கிறாள் என்று கல்லூரி தரும் போனஃபைட் சான்றிதழும் மார்க் ஷீட்டும் கேட்பார்கள், விஷயம் தெரிந்துவிடும் என்ற பயத்தில்தானே வெளியே கை நீட்டினீர்கள்?

கல்லூரிக்கும் விடுதிக்கும் கட்டிய அந்த 90,000 எதையும் காப்பாற்றவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழக விதிப்படி தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும். மருத்துவச் சான்றிதழ் கொடுத்தால் 65 வரை இறங்கி வருவார்கள், அதற்குக் கீழே இல்லை. ஆகஸ்டிலேயே வீட்டுக்கு வந்துவிட்ட பெண் அந்த எல்லையைத் தொட முடியாது. கட்டணம் கட்டியிருந்தாலும் இந்தப் பருவத்தை அவள் மறுபடியும் படித்தே ஆக வேண்டும்.

இதற்கு நேர்வழி ஒன்று இருக்கிறது. உடல்நலக் காரணத்தைக் காட்டி, கல்லூரி முதல்வர் மூலமாகத் தற்காலிகப் படிப்பு இடைவெளிக்கு விண்ணப்பிக்கலாம். கல்லூரியில் 'பிரேக் ஆஃப் ஸ்டடி' என்றால் உடனே தெரியும். இந்தப் பருவத் தேர்வுக்கான பதிவு முடிவதற்குள் கொடுத்துவிட வேண்டும். அதனால் இந்த வாரமே போங்கள். அனுமதி வாங்கிய ஒரு வருட இடைவெளி இருந்தாலும் டிஸ்டிங்ஷன் வாய்ப்பு அப்படியே இருக்கும். வருகைக் குறைவால் தேர்வெழுத முடியாமல் நிறுத்தப்பட்டால் அது போய்விடும். நன்றாகப் படிக்கிற பெண்ணுக்கு இது பெரிய வித்தியாசம். போகிற கையோடு, கட்டிய 50,000-ஐத் திரும்பச் சேரும் பருவத்தில் கழித்துக்கொள்ளும்படி எழுத்தில் கேளுங்கள். விடுதி அறையைக் காலி செய்து, மெஸ் முன்பணத்தையும் டெபாசிட்டையும் திருப்பிக் கேளுங்கள். முழுதும் வராமல் போகலாம், ஆனால் கேட்காமல் எதுவுமே வராது.

அடுத்தது பேங்க். அவர்கள் கணக்குப்படி உங்கள் மகள் 2027-ல் படிப்பை முடிக்கிறாள், ஒரு வருட அவகாசம் போக 2028-ல் தவணை ஆரம்பம். நிஜத்தில் அவள் 2028-ல்தான் படிப்பையே முடிப்பாள். நீங்கள் வாய் திறக்காவிட்டால், வேலை தேட ஆரம்பிக்கும்போதே தவணை வந்து நிற்கும். வங்கிகள் பின்பற்றும் கல்விக் கடன் மாதிரித் திட்டத்திலேயே, குறித்த காலத்தில் படிப்பை முடிக்க முடியாதவர்களுக்கு இரண்டு வருடம் வரை நீட்டிப்பு தர இடம் இருக்கிறது. கேட்டால்தான் தருவார்கள்.

மானியத்தில் இன்னும் கவனம் வேண்டும். நடுவில் படிப்பை விட்டவர்களுக்கு மத்திய அரசின் வட்டி மானியம் கிடையாது. ஆனால் மருத்துவக் காரணத்தால் விட்டவர்களுக்கு, கல்லூரித் தலைவர் ஏற்கும்படி ஆவணம் கொடுத்திருந்தால் மானியம் உண்டு என்று அந்தத் திட்டமே சொல்கிறது. 2 லட்சத்துக்குத் தோராயமாக 10 சதவீதம் என்றால் வருடம் 20,000 வட்டி. எந்தச் சான்றிதழை ஒளித்து வைத்திருக்கிறீர்களோ, அதுதான் இந்தப் பணத்தைக் காப்பாற்றும்.

நகையை அடகு வையுங்கள், ஆனால் மூன்று வட்டிக் கடனை அடைக்க மட்டும். பேங்க் நகைக் கடன் 9, 10 சதவீதத்துக்குக் கிடைக்கும். ஒன்றரை லட்சத்துக்கு வருட வட்டி 15,000, மாதத்துக்கு 1,250. இன்றைய தங்க விலைக்கு மூன்று சவரன் தாராளமாகப் போதும், மற்ற நாலு சவரன் பீரோவிலேயே இருக்கட்டும். இப்போது கட்டுகிற அதே 4,500-ஐ மாதா மாதம் நகைக் கடனில் கட்டி வாருங்கள். வருட முடிவில் அசல் 40,000 போலக் குறைந்திருக்கும். வட்டிக்காரரிடம் பணத்தைக் கொடுக்கும்போது எழுதிக் கொடுத்த புரோநோட்டைக் கையில் வாங்காமல் வராதீர்கள். தமிழ்நாட்டில் கந்துவட்டிக்கு 2003-லிருந்தே தடைச் சட்டம் இருக்கிறது. அண்ணன் நடுவில் இருப்பதால் நீங்கள் புகார் கொடுக்க மாட்டீர்கள், அதனால் அடைத்துவிட்டு வெளியே வருவதே நல்லது.

எஸ்.டபிள்யூ.பி. பற்றி யூடியூபில் ஆளுக்கு ஆள் பேசுகிறார்கள். சொந்தச் சேமிப்பு வைத்திருப்பவர் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் செலவழிப்பதற்கான ஏற்பாடு அது. மாதம் வருவது வட்டி இல்லை, உங்கள் யூனிட்டை விற்ற காசு. 36 சதவீத வட்டிக் கடன் கழுத்தில் இருக்கும்போது, அடகுப் பணத்தைப் பங்குச் சந்தையில் போட்டு அதைச் சமாளிக்கலாம் என்பது ஆபத்தான யோசனை. சந்தை ஒரு ஆறு மாதம் இறங்கினால் நகையும் போகும், கடனும் நிற்கும்.

மருத்துவச் செலவையும் இப்படி இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. கடலூர் அரசு தலைமை மருத்துவமனையில் காசநோய்க்குப் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். சிகிச்சை முடியும் வரை சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் மத்திய அரசு வங்கிக் கணக்கில் போடுகிறது. 2024 நவம்பருக்கு முன்பு அது 500-ஆக இருந்தது. தனியார் மருத்துவமனையும் நோயாளியைப் பதிவு செய்தாக வேண்டும் என்பது அரசு உத்தரவு. மகளின் நிக்ஷய் எண்ணை, அதாவது அந்தக் காசநோய்ப் பதிவு எண்ணை, அங்கே கேட்டு வாங்குங்கள்.

கல்யாணப் பேச்சைப் பற்றிய உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. கல்லூரிக் கோப்பில் இருக்கும் சான்றிதழை ஓ.டி.யில் யாரும் எடுத்துப் படிக்கப் போவதில்லை. வட்டிக்காரர் வாசலில் வந்து நின்றால்தான் தெருவே பார்க்கும். அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள். அவர் பாசத்தில் செய்திருக்கலாம், ஆனால் கடன் உங்கள் பெயரில் இருக்கிறது, மாதா மாதம் கட்டுவதும் நீங்கள்தான்.

முதலில் கல்லூரி, அந்த அனுமதிக் கடிதத்தோடு பேங்க். இரண்டு இடத்திலும் கடிதத்தை இரண்டு நகலாக எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் தேதியோடு முத்திரை போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "மேனேஜர் லீவு, அடுத்த வாரம் வாங்க" என்று சொன்னாலும் நகலில் சீல் வாங்காமல் திரும்ப வேண்டாம்.