அரசியல் மாற்றங்களால் பெண்கள் உண்மையிலேயே முன்னேறியிருக்கிறார்களா? மூத்த பெண்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்ல முடியுமா?

எனக்கு வயது 70. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கிராமம். படிப்பு அஞ்சாம் வகுப்பு. 1996 முதல் 2006 வரை பத்து வருஷம் எங்கள் ஊராட்சி மன்றத் தலைவராக இருந்தேன். பேத்தி தட்டச்சுச் செய்து தருகிறாள், நான் சொல்லச் சொல்ல.

முன்னேறியிருக்கிறோம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த முன்னேற்றம் எந்த வழியில் வந்தது என்பதில்தான் பலரோடு எனக்குக் கருத்து வேறுபாடு. "முதலில் பொம்பளைகளுக்குப் படிப்பும் தைரியமும் வரட்டும், அப்புறம் பதவி கொடுக்கலாம்" என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். என் விஷயத்தில் பதவி முதலில் வந்தது. தைரியம் அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் வந்தது. உட்காராமல் இருந்திருந்தால் வந்திருக்கவே வந்திருக்காது.

நான் பிறந்தது 1955. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அண்ணனும் தம்பியும் மூன்று மைல் நடந்து அடுத்த ஊருக்குப் போய்ப் படித்தார்கள். என்னை அனுப்பவில்லை. அதற்காக வீட்டில் ஒரு பேச்சுக்கூட நடக்கவில்லை. யாருக்கும் அது முடிவெடுக்க வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. முத்துலட்சுமி ரெட்டி பிறந்த ஊர் புதுக்கோட்டை. ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் சேர்ந்த முதல் பெண் அவர். டாக்டராகி, சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டு, 1927இல் அதன் துணைத் தலைவராகவும் ஆனவர். அவர் கல்லூரி போய் அறுபது வருஷம் கழித்து, அதே சீமையில் எனக்கு ஆறாம் வகுப்பு எட்டவில்லை. அப்படி ஒருவர் எங்கள் மண்ணில் பிறந்தார் என்பதே 36 வயதில்தான் எனக்குத் தெரியும்.

1974இல் கல்யாணம். 1977இல் முதல் ஓட்டு, அப்போது ஓட்டுப் போட 21 வயது ஆகியிருக்க வேண்டும். மாமனார் சொன்ன சின்னத்தில் குத்திவிட்டு வந்தேன். மறுநாள் களை எடுக்கப் போனோம். அவ்வளவுதான் அன்றைக்கு எனக்கு அரசியல்.

முதல் திருப்பம் 1991இல் வந்த அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம். ராத்திரி எட்டு மணிக்கு அரிக்கேன் விளக்கு வைத்துப் பாடம் நடக்கும். மறந்துபோன எழுத்தெல்லாம் திரும்பி வந்தது. ஆனால் எழுத்தைவிடப் பெரிதாக எங்களை மாற்றியது சைக்கிள். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். அறிவொளியோடு சேர்த்துப் பெண்களை சைக்கிள் ஓட்டப் பழகச் சொல்லி மாவட்டம் முழுக்க ஊக்கப்படுத்தினார்கள். நான் பழகியது பார் வைத்த ஆம்பளை சைக்கிளில், வாடகைக்கு எடுத்து, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், இருட்டிய பிறகு. சேலை செயினில் மாட்டி விழுந்த தழும்பு இப்போதும் வலது முழங்காலில் இருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் பேசின பேச்சைப் பேத்தியிடம் சொல்லக்கூட வாய் வரவில்லை. ஆனால் ஒரு மாசத்தில் கேரியரில் இரண்டு குடம் கட்டித் தண்ணீர் கொண்டுவந்தேன். பஸ்ஸுக்காகவோ வீட்டுக்காரருக்காகவோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக முடிந்தது. இது எவ்வளவு பெரிய காரியம் என்பது காத்திருந்தே வாழ்ந்தவர்களுக்குப் புரியும்.

பிறகு 1996. அரசியல் சட்டத்தின் 73ஆவது திருத்தமும் அதன்படி 1994இல் வந்த தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கின. எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி அந்தக் கணக்கில் வந்து விழுந்தது. ஊர்ப் பெரியவர்கள் என் வீட்டுக்காரரிடம் வந்து பேசினார்கள். என்னிடம் பேசவில்லை. நான் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். "பேருக்கு அது நிக்கட்டும் மாப்ளே, வேலையெல்லாம் நாம பாத்துக்கலாம்" என்றார் ஒருவர். அக்டோபரில் தேர்தல் நடந்து ஜெயித்தும் விட்டேன்.

ஜெயித்து இரண்டு மாசம் இருக்கும். ஊராட்சி எழுத்தர் செக் புத்தகத்தோடு வீட்டுக்கு வந்தார். வீட்டுக்காரரோடு திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, விரலை வைத்துக் காட்டி, "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா" என்றார். ஊராட்சி செக்கில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். துணைத் தலைவர் ஏற்கெனவே போட்டிருந்தார். தொகை 4,800 ரூபாய். "எதுக்கு?" என்று கேட்டேன். கேட்க வேண்டும் என்று நினைத்துக் கேட்கவில்லை, வாயில் வந்துவிட்டது. "காலனி அடிபம்பு ரிப்பேரும்மா, பைப்பு நாலு மாத்தியிருக்கு." எனக்கு அந்தப் பம்பு தெரியும். முதல் நாள்தான் அந்த வழியாக சைக்கிளில் வந்தேன், கைப்பிடியில் கயிறு கட்டிப் போட்டிருந்தார்கள். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அதே சேலையோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். அங்கே இருந்த அக்கா ஒருத்தி, "பம்பைக் கழட்டவே யாரும் வரலையே தாயி" என்றாள்.

திரும்பி வந்து, "பம்புல தண்ணி வரட்டும், போடுறேன்" என்றேன். கை நடுங்கியது. எழுத்தர் என்னைப் பார்க்கவில்லை, வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி, "ஊரோட பகைச்சுக்கிட்டு எத்தனை நாளைக்கு?" என்று மட்டும் கேட்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பம்பு மூன்றாவது வாரம் சரியானது. அந்த செக்கைக் கிழித்துவிட்டு வேறு தொகைக்கு வேறு செக் எழுதினார்கள்.

"பொம்பளை பிரசிடெண்டுன்னா புருஷன்தான் பிரசிடெண்ட்" என்று எல்லாரும் சொல்வார்கள். பல ஊர்களில் அது உண்மை, என் வீட்டிலும் முதல் இரண்டு மாசம் உண்மை. ஆனால் கையெழுத்து யாருடையது என்பது சட்டத்தில் எழுதியிருக்கிறது. அது யாருடைய கையோ அவளுக்கு ஒருநாள் "எதுக்கு?" என்று கேட்கத் தோன்றிவிடும். ஒதுக்கீட்டின் மதிப்பு எனக்கு அங்கேதான் தெரிந்தது. வேலையை அளந்து எழுதும் எம்-புக் என்றால் என்ன, எஸ்டிமேட்டில் எங்கே ஏமாற்றுவார்கள், தீர்மான நோட்டில் காலி வரி விட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதுதான்.

ஒரு தப்பையும் சொல்ல வேண்டும். எங்கள் மன்றத்தில் காலனியிலிருந்து ஜெயித்து வந்த ஒரு பெண் உறுப்பினர் இருந்தார். முதல் இரண்டு கூட்டத்திலும் அவர் கதவோரம் நின்றுகொண்டே இருந்தார். எனக்கு அது கண்ணிலேயே படவில்லை. நான் என் நாற்காலிக்காகப் போராடிக்கொண்டிருந்தேன், பக்கத்தில் இன்னொருத்திக்கு நாற்காலியே போடவில்லை என்பதைப் பார்க்கவில்லை. மூன்றாவது கூட்டத்தில்தான் உறைத்தது. 2020இல் கடலூர் மாவட்டத்தில் ஒரு பட்டியலினப் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் வந்தபோது, எல்லாரும் அந்த ஊரைத் திட்டினார்கள். எனக்கு எங்கள் கதவோரம்தான் ஞாபகம் வந்தது. "பெண்கள் முன்னேறிவிட்டார்கள்" என்று மொத்தமாகச் சொல்லும்போது எந்தப் பெண்கள் என்று கேட்காமல் விடக்கூடாது.

நான் பதவிக்கு வந்த அதே தேர்தலில் மதுரை வில்லாபுரத்தில் மாமன்ற உறுப்பினராக ஜெயித்தவர் லீலாவதி. மக்களுக்குக் குடிதண்ணீர் வரவேண்டும் என்று நின்றதற்காக 1997 ஏப்ரல் 23 அன்று நடுத்தெருவில் வெட்டிக் கொன்றார்கள். பேப்பரில் படித்த அன்றைக்கு என் மாமியார், அதுவரை என்னைப் பதவிக்கு அனுப்பியதையே குறைசொன்னவர், ராத்திரி முழுக்க என் பக்கத்திலேயே படுத்திருந்தார். நானும் தண்ணீர் பிரச்சினையில்தான் தலையைக் கொடுத்திருந்தேன்.

சொத்து விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் என் மனசு அங்கேதான் நிற்கிறது.

1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலேயே பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். பூர்வீகச் சொத்தில் மகனைப்போல மகளுக்கும் பிறப்பிலேயே உரிமை என்ற சட்டம் தமிழ்நாட்டில் வந்தது அறுபது வருஷம் கழித்து, கலைஞர் ஆட்சியில். 1989 மார்ச் 25 முதல் அது செல்லும். அதே மார்ச் 25 அன்றுதான் சட்டமன்ற அமளியில் தான் தாக்கப்பட்டதாகச் சொல்லி எதிர்க்கட்சித் தலைவர் ஜெயலலிதா கலைந்த சேலையோடு வெளியே வந்தார். மகளுக்கு உரிமை தந்த தேதியும், ஒரு பெண் சட்டமன்றத்தைவிட்டு அப்படி வெளியேற நேர்ந்த தேதியும் ஒன்றாக இருப்பது என்னை இன்றைக்கும் உறுத்தும். இரண்டு வருஷத்தில் அவர் முதலமைச்சராகத் திரும்பி வந்தார்.

அந்தச் சட்டத்தில் ஒரு விதி: அந்தத் தேதிக்கு முன் கல்யாணமான பெண்களுக்கு இது கிடையாது. எனக்கு 1974இல் கல்யாணம், தங்கச்சிக்கு 1990இல். ஒரே அப்பா, ஒரே நாலு ஏக்கர். அவளுக்கு உண்டு, எனக்கு இல்லை. 2005இல் மத்திய சட்டத் திருத்தம் அந்தத் தடையை நீக்கியது. 2006இல் அப்பா இறந்தார். அம்மா முன்னமே போய்விட்டார். மறுவருஷம் அண்ணன் எங்கள் இருவரையும் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு வரச்சொன்னார். எங்கள் பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரம் தயாராக இருந்தது. "சீர்செனத்தி எல்லாம் செஞ்சோம். நாளைக்கு நல்லது கெட்டதுக்குத் தாய்மாமன் வந்து நிக்கணுமா வேணாமா?" என்றார். சட்டம் எனக்குத் தெரியும். கிராம சபையில் மற்ற பெண்களுக்கு எடுத்துச் சொன்னவளே நான்தான். ஆனாலும் போட்டுவிட்டேன். பத்து வருஷம் எத்தனையோ செக்கில் "எதுக்கு?" என்று கேட்ட கை, அங்கே கேட்கவில்லை. தங்கச்சி பேனாவைத் தொடவில்லை. எட்டாம் வகுப்பு படித்தவள், எந்தப் பதவியிலும் இருந்ததில்லை. "எம் பங்கு எனக்கு வேணும்ணே" என்று ஒரே வார்த்தை. எட்டு வருஷம் அண்ணன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை அவள்.

இன்றைய காலத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1989இல் தொடங்கிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திட்டம் எட்டாம் வகுப்பு முடித்த பெண்ணின் கல்யாணத்துக்கு 5,000 ரூபாய் கொடுத்தது. அந்தப் பணத்துக்காகவே பல வீடுகளில் பிள்ளைகளை எட்டு வரைக்கும் விட்டுவைத்தார்கள். 2022இல் அதையே புதுமைப் பெண் என்று மாற்றி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்ணுக்கு மாசம் 1,000 ரூபாய் என்றாக்கினார்கள். கல்யாணத்துக்குப் போன பணம் படிப்புக்குப் போகிறது, அது எனக்குப் பெரிய நிம்மதி. 2021இலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதை இலவசம் என்று இளக்காரமாகப் பேசுகிறவர்கள், பஸ் காசுக்கு வீட்டில் கையேந்தி நின்றவர்கள் அல்ல.

மேலே பார்த்தால்தான் வருத்தம். 2021இல் 234 பேர் கொண்ட சட்டமன்றத்துக்கு ஜெயித்த பெண்கள் 12 பேர். நாடாளுமன்ற மகளிர் மசோதா முதலில் வந்தது நான் தலைவரான வருஷம், எனக்கு 41 வயது. நிறைவேறியது 2023இல், 68 வயதில். அதுவும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி வரையறையும் முடிந்த பிறகுதான் நடைமுறைக்கு வரும் என்று எழுதியிருக்கிறார்கள். உள்ளாட்சியில் 2016இல் பெண்களுக்குப் பாதி இடம் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. ஆனால் அந்த வருஷத் தேர்தல் நின்றுபோய், ஊராட்சிகளில் 2019 டிசம்பரில்தான் நடந்தது. மூன்று வருஷம் தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாமல் தனி அலுவலர் ஆட்சி. 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்ததும் எங்கள் மாவட்டத்தில் மறுபடியும் தனி அலுவலர்கள். தேர்தலே நடத்தாவிட்டால் பாதி என்ன, முழுசும் கொடுத்தாலும் ஒன்றுதான். 2006இல் எங்கள் ஊராட்சி பொதுவாக மாறியபோது "போதும்மா, இனிமே நாங்க பாத்துக்குறோம்" என்றார்கள். நான் கேட்காமல் நின்றேன். 41 ஓட்டில் தோற்றேன். நின்றதில் வருத்தமில்லை.

என் வீட்டையும் எங்களுக்கிருக்கும் நிலத்தையும் மகனுக்கும் மகளுக்கும் சரிபாதியாக எழுதி வைத்துவிட்டேன். மகன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போன மாசம் தங்கச்சி நிலத்தில் கடலை பறிக்கப் போயிருந்தேன். கடைசியில் பேசி முடித்து அவளுக்குக் கிடைத்தது எழுபது சென்ட். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, பயிர்க்கடனுக்காக எடுத்த சிட்டாவை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள், அவள் கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டாளாம். எங்கள் அப்பா பெயர், அடுத்து "மகள்", அடுத்து அவள் பெயர். சத்தமாகப் படித்தேன். "இன்னொரு தடவை படிக்கா" என்றாள்.