டெல்டாவில் வீடு கட்ட எந்தப் பொருள் சுற்றுச்சூழலைக் குறைவாகக் கெடுக்கும்?

திருவாரூர் பக்கம் 1,000 சதுர அடியில் மாடியில்லாத வீடு கட்டப்போவதாகவும், நாட்டுச் செங்கல், சாம்பல் கல் (ஃபிளை ஆஷ் கல்), கான்கிரீட் தூண் இவற்றில் எது தேவலை என்றும் கேட்டிருக்கிறீர்கள். என் பதில்: ஏற்கெனவே ஒருமுறை சுட்டு முடித்த பழைய செங்கல்.

எங்கள் ஊர் மன்னார்குடிக்குக் கிழக்கே. ஐந்து வருடத்துக்கு முன் தாத்தா காலத்து ஓட்டு வீட்டைப் பிரித்தோம். முன்கட்டு சுண்ணாம்புக் காரையில் எழுப்பியது. கொத்தனார் தட்டத் தட்டக் கல் முழுசாகக் கழன்று வந்தது. அப்பா பிற்பாடு சேர்த்த சமையல்கட்டு சிமென்ட் கலவை. அங்கே கல்தான் உடைந்ததே தவிர கலவை விடவில்லை. அத்தனையும் தரை மட்டம் தூக்கத்தான் உதவியது.

புதுச் செங்கல் வேண்டாம் என்று நான் பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் எங்கள் வயல். பக்கத்து வயல்காரர் செங்கல் சுடும் காளவாய்க்கு மூன்றடி மண்ணை விற்றார். கடன் நெருக்கடி, அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வருடத்திலிருந்து நாங்கள் பாய்ச்சும் தண்ணீர் வரப்படியில் கசிந்து அவருடைய பள்ளத்தில் இறங்குகிறது. ஐப்பசி மழையில் அங்கே தண்ணீர் வடிய வழியில்லாமல் சம்பாப் பயிர் அழுகிப்போகிறது. ஒரு கல் சுமார் 3 கிலோ. 20,000 கல் என்றால் 60 டன் மண். அது காவிரி வெள்ளம் தலைமுறை தலைமுறையாகக் கொண்டுவந்து படியவைத்த வண்டல். 1934-இல் மேட்டூர் அணை வந்த பிறகு வண்டலில் பெரும்பங்கு அணைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. வெட்டிய மண்ணுக்கு ஈடாக ஆறு இனிமேல் கொண்டுவந்து போடாது.

சிமென்டின் கேடு நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கிறது. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் 1,450 டிகிரி வரை சூடாக்குகிறார்கள். வெளியேறும் கரியமில வாயுவில் பாதிக்கு மேல் எரிபொருளிலிருந்து வருவதில்லை, அந்தக் கல்லுக்குள்ளிருந்தே வருகிறது. அதனால் எரிபொருளை மாற்றினால் மட்டும் தீராது, சிமென்டையே குறைக்க வேண்டும். கடையில் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமென்ட் கேளுங்கள். கம்பியும் லேசுப்பட்டதல்ல. இரும்புத் தாதிலிருந்து ஒரு டன் எஃகு எடுக்க ஏறக்குறைய 2 டன் கரியமில வாயு வெளியேறுகிறது. மாடி கட்டும் எண்ணம் இல்லையென்றால் தூணும் பீமும் எதற்கு? சுவரே பாரம் தாங்கும். அஸ்திவாரத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். நம் களிமண் மழையில் ஊதும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும்.

ஆற்று மணலைத் தவிர்த்துவிடுங்கள். கொள்ளிடத்தில் மணல் போகப் போக ஆற்றுமட்டம் இறங்குகிறது, கரையோரக் கிணற்று நீரும் கூடவே இறங்குகிறது. அதற்குப் பதிலாக வரும் எம் சாண்ட் பாறையைப் பொடித்துச் செய்யும் மணல். அதற்காக வேறு மாவட்டத்தில் ஒரு பாறையை உடைக்கிறார்கள், லாரி டீசலும் செலவாகிறது. அது தெரிந்தேதான் அதை வாங்கினேன்.

பழைய கல் கிடைக்காவிட்டால் அடுத்தது சாம்பல் கல். அனல்மின் நிலையத்தில் குவிந்து கிடக்கும் சாம்பல் அதில் சேர்கிறது. வயல் மண் வேண்டாம், சுடவும் வேண்டாம்.

எங்கள் வீட்டில் பழைய ஓடுகளைக்கூட விடவில்லை. கூரைக்குக் கான்கிரீட் தளம் போடும்போது கம்பிகளுக்கு நடுவே கவிழ்த்து வைத்தோம். கீழ்ப்பாதிக் கான்கிரீட் வேலை செய்யாத இடம் அது, அந்த அளவுக்குக் கலவை மிச்சமானது. சுவருக்கு சிமென்ட் 1, சுண்ணாம்பு 1, மணல் 6 என்று கலந்தோம். பேரன் காலத்தில் பிரித்தாலும் கல் கழன்று வரட்டும் என்றுதான்.

பழைய கல்லைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். உப்புப் பூத்ததை ஒதுக்குங்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து எடை பாருங்கள், ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடினால் வேண்டாம். பக்கத்தில் எங்காவது ஓட்டு வீடு பிரிக்கிறார்கள் என்று காதில் விழுந்தால் அன்றைக்கே போய்ப் பேசுங்கள். பொக்லைன் வந்து இடித்துவிட்டால் நூறு கல் தேறுவதே கஷ்டம்.