சக்கைக்கொட்டை லெக்டினை எஸ்.பி.ஆரில் ஓட்டும்போது வெற்று சேனலிலும் சிக்னல் ஏறுவது ஏன்?

குலசேகரம் பக்கத்துச் சக்கைக்கொட்டையில் (பலாக்கொட்டை) ஜாக்கலின் பிரித்து, சிஎம்5 சிப்பில் ஐஜிஏ என்னும் எதிர்ப்புப் புரதத்தை ஒட்டி, எஸ்.பி.ஆரில், அதாவது மூலக்கூறுகள் சிப்பில் ஒட்டுவதை ஒளியால் அளக்கும் கருவியில், ஓட்டியிருக்கிறீர்கள். ஜாக்கலின் ஒரு லெக்டின், அதாவது சர்க்கரையைப் பிடிக்கும் புரதம்; அது பிடிப்பது கேலக்டோஸை. ஒப்பிடுவதற்காக எதையும் ஒட்டாமல் விட்ட ரெஃபரன்ஸ் சேனலிலும் கோடு ஏறுகிறது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது சிப்பின் பூச்சைத்தான். சிஎம்5-இல் தங்கப் படலத்தின் மேல் இருப்பது கார்பாக்சிமெதில் டெக்ஸ்ட்ரான், அதாவது குளுக்கோஸ் சங்கிலி. அதே கொட்டையில் மேனோஸையும் குளுக்கோஸையும் பிடிக்கும் ஆர்ட்டோகார்ப்பின் என்ற இன்னொரு லெக்டினும் இருக்கிறது. சுத்திகரிப்பில் அது கொஞ்சம் தங்கினாலே வெற்று டெக்ஸ்ட்ரானில் போய் ஒட்டிக்கொள்ளும்.

ரெஃபரன்ஸைக் கழித்தால் சரியாகிவிடாது. ஐஜிஏ உட்கார்ந்த சேனலும் வெற்று சேனலும் அதை ஒரே அளவு பிடிக்காது. ரன்னிங் பஃபரிலும் மாதிரியிலும் ஒரே அளவு, 20 மில்லிமோலார் மேனோஸ் சேர்த்து ஒருமுறையும், கேலக்டோஸ் சேர்த்து இன்னொரு முறையும் ஓட்டுங்கள். வெற்று சேனல் சிக்னல் மேனோஸில் மட்டும் விழுந்தால் குற்றவாளி ஆர்ட்டோகார்ப்பின்தான். மறுபடி சுத்திகரியுங்கள், அல்லது டெக்ஸ்ட்ரான் இல்லாத சி1 சிப்புக்கு மாறுங்கள்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது: கேலக்டோஸ் ஊற்றிப் பிரிப்புக் குழாயிலிருந்து (column) இறக்கிய ஜாக்கலினில் அந்தச் சர்க்கரை மிஞ்சினால் பிணைப்பிடங்கள் அடைபட்டே இருக்கும். பஃபரை மாற்றி மாற்றி நன்றாக டயாலிசிஸ் செய்யுங்கள். கடைசி டயாலிசிஸ் பஃபரையே 0.22 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டி, காற்று நீக்கி, ரன்னிங் பஃபராக வையுங்கள். ஊசி போடும் இடத்தில் வரும் திடீர்க் குதிப்பும் பெருமளவு குறையும்.

ஜாக்கலினுக்கு நான்கு பிணைப்பிடங்கள். ஐஜிஏ நெருக்கமாக இருந்தால் ஒரே மூலக்கூறு பல இடங்களில் பிடித்துக்கொள்ளும். விலகும் வேகம் பொய்யாகக் குறைந்து தெரியும். ஒற்றை இடத்தின் கேடி (பிணைப்பின் வலுவைக் காட்டும் எண்) வேண்டுமென்றால் ஜாக்கலினையே சிப்பில் ஒட்டி, மெதில் கேலக்டோசைடை ஓட்டுவதே என் பரிந்துரை. ஒட்டுவதற்கு முதலில் சிப்பின் பரப்பைத் தூண்ட, 0.4 மோலார் இ.டி.சி., 0.1 மோலார் என்.எச்.எஸ். என்ற இரண்டு வேதிப்பொருள்களைச் சம அளவு கலந்து, நிமிடத்துக்கு 10 மைக்ரோலிட்டர் வேகத்தில் 7 நிமிடம். பிறகு 10 மில்லிமோலார் சோடியம் அசிட்டேட்டில் புரதம், பிஎச் 4.0 முதல் 5.5 வரை சோதித்து, நன்றாகக் குவியும் பிஎச்சில் ஒட்டுங்கள். கடைசியில் மிஞ்சிய தூண்டப்பட்ட இடங்களை அடைக்க 1 மோலார் எத்தனாலமின், பிஎச் 8.5, 7 நிமிடம். ஜாக்கலினை 5000 ஆர்.யு. (கருவியின் சிக்னல் அலகு) ஒட்டினால், மெதில் கேலக்டோசைடின் மூலக்கூறு எடை 194, ஜாக்கலினுடையது 66000, பிணைப்பிடங்கள் 4 என்று வைத்து, 194 ÷ 66000 × 5000 × 4, ஏறத்தாழ 59 ஆர்.யு. உச்சம் எதிர்பார்க்கலாம். அதைத் தாண்டினால் வேறெதுவோ ஒட்டுகிறது.

ஐஜிஏ சிப்பைப் புதுப்பிக்க, அதாவது ஒட்டிய ஜாக்கலினைக் கழற்ற, கிளைசின் அமிலக் கரைசலுக்கு முன் கேலக்டோஸை முயலுங்கள், புரதம் கெடாது. கேலக்டோஸ் ஓடும்போது கோடு எகிறும், அதை வைத்து முடிவெடுக்காமல் பஃபர் திரும்பிய பின் பேஸ்லைனைப் பாருங்கள்.