அப்பாவின் கோபம் எனக்கும் வருகிறது. தலைமுறையாகத் தொடரும் மனக்காயம் ஆறுமா?

அப்பா உங்களை அடித்து வளர்த்தார். இப்போது அதே கோபம் உங்கள் குழந்தை மீது பாய்கிறது. இது ரத்தத்தில் ஊறியதா என்று கேட்கிறீர்கள். மாற்ற முடியாத அளவுக்கு ஊறியதில்லை.

கனடாவில் மூளை ஆய்வாளர் மைக்கேல் மீனியின் குழு 1999-ல் வெளியிட்ட எலி ஆய்வு ஒன்று உண்டு. தாய் அதிகம் நக்கிக்கொடுக்காத குட்டிகள் பயந்த சுபாவத்தோடு வளர்ந்தன. தாயானதும் தம் குட்டிகளையும் அப்படியே வளர்த்தன. அத்தகைய குட்டிகளைப் பிறந்ததும் நன்றாக நக்கிக்கொடுக்கும் தாயிடம் விட்டபோது அந்தத் தொடர்ச்சி அறுந்தது. மனித மனம் இன்னும் சிக்கலானது, சரி. ஆனாலும் எனக்கு இது பெரிய ஆறுதல்.

வீட்டில் எப்படி? குழந்தை டம்ளரைக் கவிழ்க்கிறது. உங்கள் தாடை இறுகுகிறது, கை தானாக ஓங்குகிறது. அந்த நொடியில் உள்ளே நடுங்குவது எட்டு வயது நீங்கள்தான். இரண்டடி தள்ளிப் போய் மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள். கத்திவிட்டீர்களா? அப்புறம் குழந்தையிடம் உட்கார்ந்து, "நான் கத்தியது தப்பு, உன்மேல் தவறில்லை" என்று சொல்லுங்கள். நம்மில் பலர் சின்ன வயதில் கேட்கவே கேட்காத வார்த்தை அது.

அப்பாவை உடனே மன்னிக்கச் சொல்லி யாராவது அவசரப்படுத்தினால் கேட்காதீர்கள். பழைய நினைவுகள் தூக்கத்தைக் கெடுத்தால், மன அதிர்ச்சிக்குச் சிகிச்சை தரும் உளவியல் நிபுணரைப் பாருங்கள்.