பத்து வருடச் சமையலறை அலமாரிக்குக் கைப்பிடியும் கீலும் மட்டும் மாற்றினால் போதுமா?

கேள்வி: கோபிச்செட்டிப்பாளையத்தில் சொந்த வீடு. சமையலறை அலமாரி போட்டுப் பத்து வருடம் ஆகிறது. பலகை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கதவுகள் தொங்குகின்றன, கைப்பிடிகள் மங்கி, ஆடிப்போய்விட்டன. எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதிதாகப் போடச் சொல்கிறார்கள். கைப்பிடி, கீல் மட்டும் மாற்றினால் போதாதா? எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்:

போதும். பலகை உறுதியாக இருந்தால் எதையும் இடிக்க வேண்டியதில்லை.

பெருந்துறைப் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு ஹார்டுவேர் கடை இருக்கிறது. சரக்கு எடுப்பதும் கல்லாவில் இருப்பதும் நான்தான். சமையலறைக்குச் சாமான் வாங்க வருகிறவர்களில் பெரும்பாலானோர் நேராகக் கைப்பிடிகள் மாட்டிய பலகைக்கு முன்னால் போய் நிற்பார்கள். அரை மணி நேரம் பார்த்து, பளபளப்பாக ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். கீல் என்று வரும்போது மட்டும், "இருப்பதில் விலை குறைந்ததைக் கொடுங்கள்" என்பார்கள். எனக்கு மனம் ஒப்பாது. கதவைத் தாங்குவது கீல், டிராயரில் இருக்கும் சாமானைத் தாங்குவது சேனல். இந்த வேலைக்குப் பத்து ரூபாய் ஒதுக்கினால், ஆறு ரூபாய் கண்ணில் படாத இந்த இரண்டுக்கும் போகட்டும். மீதி நாலு ரூபாய்க்குள் நல்ல கைப்பிடியே கிடைக்கும்.

முதலில் உங்கள் அலமாரி எந்த வகை என்று பாருங்கள். நம் பக்கத்தில் பத்து, பதினைந்து வருடத்துக்கு முன் கட்டிய வீடுகளில் சமையல் மேடைக்குக் கீழே கடப்பா கல் தட்டு நிறுத்தி, முன்னால் மரச் சட்டம் அடித்து, அதில் கதவு மாட்டியிருப்பார்கள். சில வீடுகளில் அலுமினியச் சட்டத்தில் பி.வி.சி. தகடு இருக்கும். இன்னும் சிலவற்றில் முழுக்கவும் ப்ளைவுட் பெட்டி. கதவில் வட்டக் குழி வெட்டிப் பதிக்கும் ஆட்டோ கீல், ப்ளைவுட் போன்ற பலகைப் பெட்டிக்கு ஏற்றது. மரச் சட்டத்துக்கு உள்ளடங்கி மூடும் கதவென்றால் அதற்கேற்ற வளைவுள்ள கீலைத் தேட வேண்டும்; சட்டத்தின் அகலம் போதாவிட்டால் பழைய பட்டைக் கீலையே எவர்சில்வரில் வாங்கி மாட்டுவது நல்லது. உள்ளே வெற்றாக இருக்கும் பி.வி.சி. கதவில் திருகு நிற்காது. அந்தக் கதவை மாற்றினால்தான் உண்டு.

அடுத்தது ஈரம். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே உள்ள பெட்டியைக் காலி செய்து, அடிப்பலகையையும் பக்கப் பலகையின் கீழ் ஓரத்தையும் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். உப்பியிருந்தாலோ, மாவு மாதிரி உதிர்ந்தாலோ அந்தப் பெட்டியை மட்டும் மாற்றியே தீர வேண்டும். ஒரு பெட்டி போனதற்காக மற்ற பெட்டிகளையும் எடுக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். புதுப் பலகைக்குத் தண்ணீர் படும் இடத்தில் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள ப்ளைவுட்டைக் கேளுங்கள்.

இனி தொங்கும் கதவு. அதில் பாதிக்குப் புதுக் கீலே தேவைப்படாது. ஆட்டோ கீலின் கையில் முன்னும் பின்னுமாக இரண்டு திருகுகள் இருக்கும். முன்னால் இருப்பதைத் திருப்பினால் கதவு இடமோ வலமோ நகரும். பின்னால் இருப்பதைத் தளர்த்தினால் கதவை உள்ளே தள்ளலாம், வெளியே இழுக்கலாம். பெட்டியோடு சேர்ந்த தகட்டின் திருகுகளைத் தளர்த்தினால் மேலே கீழே நகர்த்தலாம். ஒரு ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு கால் சுற்று, அரைச் சுற்றாகத் திருப்பிப் பாருங்கள்; இரண்டு கதவுகளுக்கு நடுவே கோணலாக இருந்த இடைவெளி நேராவது கண்ணெதிரே தெரியும். பலருக்கு இப்படி ஒரு வசதி இருப்பதே தெரியாது. அதன் பிறகும் தொங்கினால், திருகு பிடித்திருந்த துளை தேய்ந்து அகலமாகியிருக்கும். மூங்கில் குச்சியைச் சீவி, ஃபெவிகாலில் தோய்த்துத் துளைக்குள் இறுக்கி அடித்து, ஒரு நாள் காயவிட்டு, மீந்ததை வெட்டிவிட்டு மறுபடி திருகுங்கள். ப்ளைவுட்டாக இருந்தால் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டாக இருந்தால் கீலைச் சற்று மேலோ கீழோ நகர்த்திப் புதுக் குழி போடுவதுதான் வழி.

கீல் துருப்பிடித்திருந்தால் மாற்றிவிடுங்கள். கடைக்கு வரும்போது பழைய கீல் ஒன்றைக் கழற்றிக் கையோடு கொண்டு வாருங்கள். குழி பெரும்பாலும் 35 மி.மீ. விட்டம்தான், ஆனால் அதன் இரு பக்கமும் உள்ள திருகுத் துளைகளின் இடைவெளி கம்பெனிக்குக் கம்பெனி 45, 48, 52 மி.மீ. என்று மாறும். வளைவும் அப்படித்தான். பக்கப் பலகையை முழுதாக மூடும் கதவுக்கு ஒன்று, ஒரே பலகையில் இரண்டு கதவுகள் பாதிப் பாதியாக உட்கார்ந்தால் இன்னொன்று, பெட்டிக்குள் அடங்கும் கதவுக்கு வேறொன்று. கடையில் இவற்றை 0 கிராங்க், 8 கிராங்க், 16 கிராங்க் என்பார்கள். பழையது கையில் இருந்தால் இந்தக் குழப்பமே வராது. மூன்றடி உயரம் வரை உள்ள கதவுக்கு இரண்டு கீல், அதற்கு மேல் மூன்று. மெதுவாக மூடும் சாஃப்ட் க்ளோஸ் கீலை எல்லாக் கதவுக்கும் போடப் பணம் இடம் கொடுக்காவிட்டால், தினமும் கை படும் கதவுகளுக்கு மட்டும் போடுங்கள். பரண் கதவுக்கு அது வீண் செலவு.

டிராயரில் உருளை வைத்த பழைய வெள்ளை சேனல் இருந்தால், அதே இடத்தில் பால் பேரிங் உள்ள டெலஸ்கோபிக் சேனலைப் பொருத்திவிடலாம். இரண்டுக்குமே பக்கத்துக்கு அரை அங்குலம் இடைவெளிதான் வேண்டும். டிராயருக்கு அடியில் மறைந்திருக்கும் டேண்டம் சேனல் அழகானது, ஆனால் அதற்கு டிராயரையே வேறு அளவில் செய்ய வேண்டியிருக்கும். புதுப்பிக்கும் வேலையில் அதைத் தொடாதீர்கள். சேனல் கிறீச்சிட்டால் தேங்காய் எண்ணெய் விடுவது நம் வீடுகளில் பழக்கம். தயவுசெய்து வேண்டாம். அந்த எண்ணெயில் அரிசி மாவும் ராகி மாவும் படிந்து, நாளாக நாளாகப் பசை போல் இறுகிக் குண்டுகளைச் சுழலவிடாமல் செய்துவிடும். துடைத்துவிட்டுத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

இப்போது கைப்பிடி. கதவில் ஏற்கெனவே இரண்டு துளைகள் இருக்கின்றன அல்லவா? ஒன்றின் நடுவிலிருந்து மற்றதன் நடு வரை அளந்துகொள்ளுங்கள். அநேகமாக 96, 128, 160 மி.மீ. இவற்றில் ஒன்றாக இருக்கும். இந்த அளவுகள் எல்லாமே 32இன் மடங்கு. அதே அளவில் வாங்கினால் துளை போடும் வேலையே இல்லை, மைக்காவும் சிதறாது. வேறு அளவுதான் பிடித்திருக்கிறது என்றால், அடியில் பட்டைத் தகடு உள்ள கைப்பிடியாகப் பாருங்கள், பழைய துளை மறைந்துவிடும். குமிழுக்கு ஒரே துளை போதும். ஆனால் ஈரக் கையில் குமிழ் வழுக்கும், அகலமான டிராயரை ஒற்றைக் குமிழில் இழுத்தால் ஒரு பக்கமாகச் சிக்கும். சமையலறைக்குக் குமிழை நான் சொல்ல மாட்டேன்.

கடையில் கைப்பிடியைக் கண்ணால் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். சில மாதங்களுக்கு முன் சென்னிமலைப் பக்கமிருந்து ஒரு மருமகளும் மாமியாரும் வந்தார்கள். மருமகள் மெல்லிய தங்க நிறக் கைப்பிடி ஒன்றை எடுத்து வைத்திருந்தார். மூட்டு வீங்கி விரல்கள் மடங்கிப்போன அந்த ஆத்தா பேசாமல் பலகைக்குப் பக்கத்தில் போய், இரண்டு விரலை அதற்குள் நுழைக்கப் பார்த்தார். விரல் நுனிதான் நுழைந்தது. அடுத்ததை, அதற்கடுத்ததை என்று இழுத்துக்கொண்டே வந்து, வளைந்த தடித்த எவர்சில்வர் கைப்பிடியில் நாலு விரலும் தாராளமாக உள்ளே போனதும், "இது பிடிபடுகிறது கண்ணு" என்றார். மருமகள் வேறு பேச்சே பேசவில்லை. "அத்தைக்கு எது சௌகரியமோ அதையே கொடுங்கள் அக்கா" என்று வாங்கிக்கொண்டு போனார். அடுப்படியில் அதிகம் நிற்கிறவர் யாரோ, அவரைக் கடைக்கு அழைத்து வாருங்கள். முடிந்தால் கையைச் சற்று நனைத்துக்கொண்டு இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கதவுக்கும் கைப்பிடிக்கும் நடுவே விரல் கணு உரசாத அளவுக்கு இடம் இருக்க வேண்டும். நாலு விரலும் படிய 128 மி.மீ. கைப்பிடி பெரும்பாலான கைகளுக்குச் சரியாக இருக்கும். சிறிய கதவுக்கு 96, இரண்டடிக்கு மேல் அகலமான டிராயருக்கு 224 அல்லது அதற்கு மேல்.

முனையைத் தடவிப் பாருங்கள். சட்டத்தைக் குறுக்கே அறுத்துவிட்ட மாதிரி இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தால் முந்தானையும் துண்டும் மாட்டும். கொதிக்கும் குழம்பைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பும்போது முந்தானை இழுபடுவது சின்ன விஷயம் இல்லை. முனை கதவை நோக்கி வளைந்து முடிவதாக வாங்குங்கள். எல் வடிவ மேடையாக இருந்தால் மூலையில் இரண்டு பக்கக் கைப்பிடிகளும் ஒன்றோடொன்று மோதுமா என்பதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

உலோகத்துக்கு வருவோம். எங்கள் கடைக்கு ராஜ்கோட்டிலிருந்தும் அலிகாரிலிருந்தும் சரக்கு வருகிறது. தோற்றத்தில் எல்லாம் ஒன்று போலவே இருக்கும். துத்தநாகக் கலவையில் வார்த்து முலாம் பூசியதை ஒயிட் மெட்டல் என்று விற்பார்கள்; விதவிதமான வடிவங்கள் கிடைக்கும், முலாம் உரிந்தால் கொப்பளித்துக்கொண்டு வரும். எவர்சில்வரில் 304 என்பது சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் சேர்ந்தது. 202 என்பதில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள், துருவைத் தாங்கும் சக்தி குறைவு. காந்தம் வைத்து இரண்டையும் பிரித்துவிடலாம் என்று நம்பாதீர்கள், இரண்டிலுமே காந்தம் சரியாக ஒட்டாது. பில்லில் 304 என்று எழுதி வாங்குங்கள். பித்தளை எனக்கு மிகவும் பிடித்த உலோகம். ஆனால் கை வியர்வையில் கருக்கும், புளி போட்டுத் தேய்க்கப் பொறுமை உள்ள வீட்டுக்குத்தான் அது பொருந்தும்.

நிறம் தேர்ந்தெடுக்கும்போது நம் சமையலை நினைத்துக்கொள்ளுங்கள். ஈரோட்டு மஞ்சள் படாத கை நம் அடுப்படியில் ஏது? மங்கலான வெள்ளைக் கைப்பிடியில் மஞ்சள் கறை ஏறிவிடும், சோப்பு பட்டால் சிவந்து வேறு காட்டும். கறுப்பில் மாவுக் கையின் தடம் தெரியும். பழங்காலத்துப் பாணி என்று வேலைப்பாடு வைத்தவற்றின் பள்ளங்களில் கடலை எண்ணெய்ப் பிசுக்கு ஏறிவிட்டால் பல் தேய்க்கும் பிரஷ் வைத்துத்தான் எடுக்க வேண்டும். வழவழப்பான, பளபளப்பில்லாத எவர்சில்வர் நிறமே இந்த மூன்றுக்கும் ஈடுகொடுக்கிறது. உங்கள் வீட்டில் ஆற்றுத் தண்ணீரா, போர் தண்ணீரா என்று எழுதவில்லை. உப்புத் தண்ணீராக இருந்தால் தொட்டிக்குப் பக்கத்துக் கைப்பிடிகளில் வெள்ளைப் படலம் படியும். இரவில் ஒரு முறை உலர்ந்த துணியால் துடைத்தால் ஏறாது.

கைப்பிடியே இல்லாமல் அழுத்தினால் திறக்கும் கதவு வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். தினமும் தாளிக்கிற அடுப்படியில் கதவெல்லாம் கைத்தடமாகிவிடும். சாதாரண சாஃப்ட் க்ளோஸ் கீலோடும் அது சேராது. வரவேற்பறை அலமாரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

துளை போட நேர்ந்தால் தச்சரிடம் சொல்ல வேண்டியவை: துளை போடும் இடத்தில் காகித டேப் ஒட்டச் சொல்லுங்கள், கதவுக்குப் பின்னால் ஒரு கட்டையை இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மறுபக்கத்து மைக்கா சில்லுச் சில்லாகப் பெயரும். எல்லாக் கதவுக்கும் ஒரே அட்டை அச்சு வைத்துக் குறிக்க வேண்டும். 18 மி.மீ. பலகைக்கு 25 மி.மீ. திருகு போதும்; டிராயரின் முன்பக்கம் இரட்டைப் பலகையாக இருந்தால் அது எட்டாது, நீளமானதைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

சிலிண்டர் வைக்கும் பெட்டிக்குக் கதவு இருக்கிறதா? இந்த வேலையோடு வேலையாக அந்தக் கதவின் அடிப்பகுதியில் காற்றுப் போகும் ஜாலி ஒன்றைப் பதித்துவிடுங்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோரம்தான் தேங்கும். மேலே துளை போட்டுப் பயனில்லை.

தொட்டிக்குக் கீழே பிளீச்சிங் பவுடரும் கழிவறை ஆசிட்டும் வைக்கும் வழக்கம் இருந்தால் அவற்றை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். மூடி இறுக்கமாக இருந்தாலும் கசியும் ஆவி அந்தப் பெட்டியின் கீலை முதலில் தின்றுவிடும். 304 கூட அதற்குத் தப்பாது. அங்கே மட்டும் கீல் சீக்கிரம் துருப்பிடிப்பதாகச் சொல்லி வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

பொங்கலுக்குள் முடிக்க நினைத்தால் கார்த்திகையிலேயே தச்சரிடம் நாள் குறித்துவிடுங்கள். பொங்கலுக்கு முதல் நாள் வரும் காப்புக் கட்டு நெருங்க நெருங்க வெள்ளையடிப்பு, மராமத்து என்று எல்லோருக்கும் வேலை குவிந்துவிடும், பிறகு ஆள் கிடைப்பது கஷ்டம். வாங்கும்போது ஒரே மாதிரியில் இரண்டு கைப்பிடியும் ஒரு ஜோடி கீலும் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வடிவங்கள் அடிக்கடி மாறுகின்றன. பிறகு ஒன்று உடைந்தால் அதே மாதிரி எங்கள் கடையிலும் கிடைக்காமல் போகலாம்.