கவுண்டி ஃபேரில் ரோடியோ: குழந்தைகளோடு போகலாமா? எதைப் பார்ப்பது, என்ன சாப்பிடுவது?

டென்வர் பக்கம் புதிதாகக் குடிவந்திருக்கிறோம், கோடையில் நடக்கும் கவுண்டி ஃபேருக்கு, அதாவது மாவட்ட அளவிலான பண்ணைத் திருவிழாவுக்குப் போகலாமா, அங்கே மாடு, குதிரைகளை வைத்து நடக்கும் ரோடியோ என்ற வீர விளையாட்டு நமக்குப் பிடிக்குமா, சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அங்கே ஏதாவது கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போங்கள். காசில் ராக் ஊரில் நடக்கும் டக்ளஸ் கவுண்டி ஃபேருக்கு நாங்கள் குடும்பத்தோடு போவது வழக்கம், அதை வைத்தே சொல்கிறேன். போவதற்கு முன் ஒரு விஷயம் மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: காளைச் சவாரியில் மொத்தம் 100 மதிப்பெண், அதில் பாதி காளைக்கு.

இது தெரியாமல் உட்கார்ந்தால் யாரோ ஒருவர் மாட்டின் மேல் ஏறுகிறார், கீழே விழுகிறார், அவ்வளவுதான் தெரியும். நடுவர்கள் இரண்டு பேர். ஒவ்வொருவரும் வீரருக்கு 25 வரை, காளைக்கு 25 வரை போடுவார்கள். வீரர் ஒரே கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு 8 விநாடி தாக்குப்பிடிக்க வேண்டும். மற்றக் கை காளையின் மேலோ தன் மேலோ பட்டுவிட்டால் ஒன்றும் கிடையாது. காளை சோம்பலாக நாலு குதி குதித்துவிட்டு நின்றால் 8 விநாடி உட்கார்ந்திருந்தாலும் மதிப்பெண் ஏறாது. அதனால் நன்றாகத் துள்ளிச் சுழலும் காளைதான் தனக்கு வரவேண்டும் என்று வீரர்களே ஆசைப்படுவார்கள். காளை யாரைக் கீழே தள்ளினாலும் கூட்டம் அதற்கும் கைதட்டும். அலங்காநல்லூரில் பிடிபடாத காளைக்குப் பரிசு கொடுத்து அதன் பேரை ஒலிபெருக்கியில் சொல்வதைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதெல்லாம் யாரும் விளக்காமலே புரிந்துவிடும். காசில் ராக்கிலிருந்து தெற்கே போனால் கொலராடோ ஸ்பிரிங்ஸில் 1979-இல் திறந்த ரோடியோ அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே வீரர்களோடு சேர்த்துக் காளைகளுக்கும் குதிரைகளுக்கும் பெயர் பொறித்து மரியாதை செய்திருக்கிறார்கள். ரெட் ராக் என்ற காளை அதில் ஒன்று. 309 முறை களத்துக்கு வந்தும் ஒருவராலும் 8 விநாடி முடிக்க முடியவில்லை. ஓய்வு கொடுத்தபிறகு 1988-இல் தனியாக ஒரு போட்டி வைத்தார்கள், லேன் ஃப்ராஸ்ட் என்ற இளைஞர் ஏழு சுற்றில் நான்கில் வென்றார்.

அவருக்கு அடுத்த வருடமே, 1989 ஜூலையில், இங்கிருந்து வடக்கே இருக்கும் ஷையனில் நடந்த ரோடியோவில் 8 விநாடியை முடித்து இறங்கியபிறகு காளை முட்டி உயிர் போனது. வயது 25. இன்றைக்கு வீரர்கள் எல்லோரும் மார்புக் கவசம் போட்டுக்கொண்டு வருவது அதற்குப் பின்னால் வந்த பழக்கம். இதைக் குழந்தைகளுக்கு முன்கூட்டியே சொல்லிக் கூட்டிப்போவது நல்லது என்று நினைக்கிறேன், ஏனென்றால் அடிபடுவதை நேரில் பார்க்க நேரலாம். விழுந்தவர் எழுந்து ஓடும்வரை காளையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு குறுக்கே பாயும் ஆட்கள் இருப்பார்கள், புல்ஃபைட்டர் என்று பெயர். என் கண் முழுக்க அவர்கள் மேல்தான் இருக்கும். அந்தத் துணிச்சலுக்குத் தனி மரியாதை உண்டு.

காளைச் சவாரி கடைசியில்தான் வரும், அதற்காக மற்றதைத் தவறவிடாதீர்கள். பெண்கள் ஓட்டும் பேரல் ரேஸிங்கை அவசியம் பாருங்கள். மூன்று பீப்பாய்களைக் குதிரை முழு வேகத்தில் சுற்றிவர வேண்டும், ஒன்று சாய்ந்தால் 5 விநாடி அபராதம். காலும் பீப்பாயும் உரசுகிற அளவு நெருக்கமாகத் திரும்பும்போது அரங்கமே எழுந்து நிற்கும். சின்னப் பிள்ளைகள் தலைக்கவசம் போட்டுக்கொண்டு செம்மறியாட்டின் மேல் சவாரி செய்யும் மட்டன் பஸ்டிங்கும் உண்டு, உங்கள் பிள்ளைகள் சிரித்துச் சிரித்துப் பார்ப்பார்கள்.

எனக்கு மனம் ஒப்பாத ஒன்றும் இருக்கிறது. கன்றைக் கயிறு வீசிப் பிடித்து, கீழே தள்ளி, மூன்று காலைக் கட்டும் போட்டி. பண்ணையில் நோய்வாய்ப்பட்ட கன்றுக்கு மருந்து போட இப்படித்தான் பிடிப்பார்கள், வேலையிலிருந்து பிறந்த விளையாட்டு என்பது தெரியும். இருந்தாலும் ஓடுகிற கன்று கயிறு இறுகி விழுவதைப் பார்க்க முடியவில்லை, அந்த நேரத்தில் எழுந்து போய்விடுவேன். பிரிட்டனில் 1934-லேயே சட்டம் போட்டு இந்த மாதிரிப் போட்டிகளைத் தடுத்துவிட்டார்கள், அமெரிக்காவிலும் எதிர்ப்பு உண்டு. அதே சமயம் காளை துள்ளுவதற்கு அதன் விதையைக் கட்டுகிறார்கள் என்று பரவியிருப்பது பொய். பின்வயிற்றைச் சுற்றி ஒரு பட்டை கட்டுகிறார்கள், அந்த உறுத்தலை உதறத்தான் இன்னும் பலமாக உதைக்கும். அதையே தவறு என்பவர்கள் சொல்வதையும் நான் மதிக்கிறேன்.

சரி, சாப்பாடு. எல்லாமே எண்ணெயில் பொரித்ததுதான், கார்ன் டாக் முதல் ஓரியோ பிஸ்கட் வரை. கார்ன் டாக் என்பது குச்சியில் குத்திய சாசேஜை மக்காச்சோள மாவில் தோய்த்துப் பொரிப்பது. உள்ளே மாட்டிறைச்சியோ பன்றியிறைச்சியோ இருக்கலாம், கேட்டு வாங்குங்கள். ராக்கி மவுண்டன் ஆய்ஸ்டர் என்று பலகையில் பார்த்தால் கடல் சிப்பி என்று நினைத்துவிடாதீர்கள், காளைக்கன்றின் விதையைப் பொரித்துத் தருவார்கள். ஃபனல் கேக்கைத் தவறவிடக் கூடாது: நீர்க்கக் கரைத்த மாவைப் புனல் வழியாக எண்ணெயில் சுற்றிச் சுற்றி ஊற்றிச் சிவக்க எடுத்து, மேலே பொடித்த சர்க்கரையைத் தூவி, கை சுடச் சுடத் தருவார்கள். ஓரம் மொறுமொறுவென்றும் நடுவில் மெத்தென்றும் இருக்கும். ஒன்று வாங்கினால் நாலு பேர் பிய்த்துத் தின்னலாம். மாவில் முட்டை உண்டு, கறி பொரித்த எண்ணெயிலேயே இதையும் போட வாய்ப்பு உண்டு. சுத்த சைவம் என்றால் சுட்ட சோளம், கெட்டில் கார்ன் என்ற இனிப்புச் சோளப்பொரி, எலுமிச்சை ஜூஸ் இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வயிறு நிரம்பப் போதாது, வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போவது உத்தமம்.

அப்புறம், ரோடியோ மாலையில்தான் என்றாலும் மதியமே போய்விடுங்கள். கொட்டகைகளில் 4-எச் என்ற சிறுவர் அமைப்பைச் சேர்ந்த பிள்ளைகள் தாங்களே வளர்த்த ஆடு, பன்றி, கன்று, முயல் எல்லாவற்றையும் குளிப்பாட்டி, சீவி, நடுவர் முன் நடத்திக்காட்டுவார்கள். தீவனச் செலவு உட்பட எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதி வைத்திருப்பார்கள். பத்து வயதுப் பெண்ணிடம் போய் "இது என்ன தின்னும்?" என்று உங்கள் பையனைக் கேட்கச் சொல்லுங்கள், அலுக்காமல் பதில் சொல்வாள். கடைசியில் ஏலம் நடக்கும், இறைச்சிக்குத்தான் விற்கிறார்கள், பணத்தைப் படிப்புக்குச் சேர்த்துவைக்கிற பிள்ளைகள் உண்டு. ஏலம் முடிந்து ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிற பிள்ளைகளையும் பார்ப்பீர்கள். சோறு எங்கிருந்து வருகிறது என்று நகரத்தில் வளரும் நம் குழந்தைகளுக்கு நான் வாயால் சொன்னதைவிட அந்தக் கொட்டகை அதிகம் சொல்லியிருக்கிறது.

ரோடியோவுக்கான டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். சாயங்காலம் இடிமழை வரலாம், இருட்டியபிறகு குளிரும், ஆளுக்கொரு ஜாக்கெட் கையில் இருக்கட்டும். கூண்டு திறக்கும் பக்கமாகப் பார்த்து உட்காருங்கள், காளை வெளியே பாயும் முதல் குதி அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும்.