பழைய டிராக்டர் கலப்பையைச் சரிசெய்து ஓட்ட முடியுமா? எதையெல்லாம் அளந்து பார்க்க வேண்டும்?

தாராளமாக ஓட்டலாம். ஆனால் பெயிண்ட் வாங்கக் கிளம்பும் முன் ஒரு ஸ்கேல், கொஞ்சம் கொத்தனார் நூல், நாலு மில்லிமீட்டர் டிரில் பிட் ஒன்று எடுத்துக்கொண்டு கலப்பையின் பக்கத்தில் உட்காருங்கள். நான் பெயிண்டில் ஆரம்பித்து ஒரு கோடையை வீணாக்கியவன்.

எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் தோவாளை பக்கம். சித்தப்பாவிடம் வளைபலகைக் கலப்பை ஒன்று இருந்தது: மண்ணை வெட்டும் இரும்பான கொழு இரண்டு, வெட்டிய மண்ணைப் புரட்டிப்போடும் வளைந்த பலகை இரண்டு. சுழலும் கத்தியால் உழும் ரொட்டவேட்டர் வந்தபிறகு அது தென்னை மூட்டில் மழையும் வெயிலும் தின்று கிடந்தது. நாஞ்சில் என்றாலே கலப்பை. எங்கள் நாஞ்சில் நாட்டில் அதற்கு இந்தக் கதி! கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, வளைபலகையையும் விடாமல் பளபளவென்று நீலம் அடித்தேன். கும்பப்பூ நெல் அறுவடை முடிந்து, மாசியில் வயலில் இறக்கினால் மேலோடு வழுக்கிக்கொண்டு போகிறது. ஈரம் இருந்த இடத்தில் மண் பலகையில் அப்பிக்கொண்டு புரளவே மாட்டேன் என்கிறது.

பட்டறை ஆசாரி வந்து பார்த்தார். "மக்கா, சாயம் நல்லாத்தான் இருக்கு. மூக்கு எங்கலே?" என்றார்.

மூக்கு என்று அவர் சொன்னது கொழுமுனையை. வட்டத் தட்டு வைத்த சட்டிக் கலப்பை தன் பாரத்தால் மண்ணில் இறங்கும். வளைபலகைக் கலப்பை அப்படியல்ல, முனை கொஞ்சம் கீழ்நோக்கி இருப்பதால் தன்னைத்தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். அதைப் பார்க்க, உழும்போது நிற்கிற மாதிரியே சமமான சிமெண்ட் தரையில் கலப்பையை நிறுத்துங்கள். சாலின், அதாவது உழுத பள்ளத்தின், சுவரை உரசிக்கொண்டு போகும் பக்கப் பட்டை இருக்கிறதே, அதன் பின்முனையும் கொழுமுனையும் தரையைத் தொட வேண்டும். நடுவில் பட்டைக்கு அடியில் மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் சந்து தெரிய வேண்டும். டிரில் பிட்டின் காம்பை நுழைத்துப் பார்த்தேன். தாள்கூட நுழையாது போலிருந்தது.

அப்புறம் பக்கவாட்டில் கொழுமுனையிலிருந்து பட்டையின் பின்முனை வரை நூலை இழுத்துப் பிடியுங்கள். நூலுக்கும் பட்டைக்கும் நடுவில் ஐந்து மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி இருந்தால்தான் கலப்பை அகலம் குறையாமல் வெட்டும். அதே நூலிலிருந்து கொழுவின் வெளி ஓரத்துக்கு நேர்செங்குத்தாக அளந்தால் வருவதுதான் கலப்பையின் அளவு. எங்களுடையது 12 அங்குலம், அதாவது 305 மில்லிமீட்டர் வர வேண்டியது. முன்கொழு 290, பின்கொழு 281. குறைந்த அளவுக்கு ஒவ்வொரு சாலுக்கும் இடையில் உழாத மண் நின்றுவிடும். மேலே புரண்ட மண் அதை மூடிவிடுவதால் கண்ணுக்குத் தெரியாது.

புதுக் கொழு வாங்கும் முன் சட்டம் வளைந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். முனை தேய்ந்திருக்கும், அதை நம்பாமல் கொழுவைப் பிடிக்கும் போல்ட் துளையிலிருந்து மேல்சட்டம் வரை இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். நல்லவேளை, எங்களுக்கு வித்தியாசம் இல்லை. வளைந்திருந்தால் கொழுவுக்குப் போடும் பணம் தண்டம். போல்ட் தலை குழிக்குள் பதிந்து கொழுவோடு மட்டமாக நிற்க வேண்டும். சாதாரண அறுகோணத் தலை போட்டால் வைக்கோலும் நெல்தாளும் அதில் மாட்டிக்கொண்டு மண் அங்கேயே சேரும்.

வளைபலகையில் கேஸ் வெல்டிங் சூடு காட்ட வேண்டாம், கடினம் போய்விடும். பெயிண்டையும் துருவையும் தேய்த்து எடுத்தாலே போதும். பலகை வழவழப்பாக இருந்தால்தான் மண் ஒட்டாமல் புரளும்.

கலப்பையை டிராக்டரோடு மாட்டும் இரும்பு ‘பின்’களையும் (pin) மறக்காதீர்கள். சிறிய டிராக்டர் வகைக்குக் கீழ்ப் பின் 22 மில்லிமீட்டர் தடிமன், மேல் பின் 19. பெரிய வண்டியில் 28, 25. சித்தப்பாவின் கலப்பை சின்ன வகை, எங்கள் வண்டி பெரியது. பின்னைச் சுற்றி இடைவெளியை அடைக்கும் புஷ் போடாமல் மாட்டியதில் கலப்பை முழுக்க லொடலொடவென்று ஆடியது. அந்த மாசியில் நான் கவனிக்காத இன்னொரு கோளாறு இது.

எல்லாவற்றையும் சரிசெய்து, அடுத்த கோடை மழைக்குப் பிறகு, கன்னிப்பூ நெல்லுக்கு முன்னால் மறுபடி இறக்கினோம். ஒரு ஓட்டத்துக்கு இரண்டு சாலும் சேர்ந்து 60 சென்டிமீட்டர், ஆழம் 20. ஆசாரி சாலுக்குள் இறங்கிக் காலால் தடவிப் பார்த்துவிட்டு, பின்கொழுவின் ஒரு போல்ட்டை இன்னும் அரைச் சுற்று முறுக்கச் சொன்னார்.